சஞ்சீவனின் ஏழு பில்டர்கள்

"குசினி லைற்றை ஒருக்கா நூரன், தனு" என்று முற்றத்திலிருந்து சஞ்சீவன் குரல் கொடுத்தான்.

தனுசியா லைற்றை அணைக்கவில்லை. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"தனு, கேட்டதே? வெளிச்சம் மதிலில பட்டுத் தெறிக்குது."

"இருட்டுக்கை நிண்டு மீன் பொரிக்க நான் பூனையே?"

அவன் உள்ளே வந்தான். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு சுவிச்சை அமத்திவிட்டு, "கொஞ்ச நேரம் தான்" என்று சொல்லி வெளியே போய்விட்டான். இருட்டில் எண்ணெய் வெடித்து அவளுடைய மணிக்கட்டில் தெறித்தது. தனுசியா சுவிச்சை மறுபடி போட்டாள். முற்றத்தில் அவன் பெருமூச்சு விடுவது கேட்டது. லைற் எரிய எரிய மீனைப் புரட்டினாள்.

சஞ்சீவன் அவளுடைய ஒரே அண்ணன். நோர்வேயில் பேர்கன் என்ற ஊரில் இருக்கிறான். அங்கே வருசம் முழுக்க மழையாம், வானமே தெரியாதாம். பதினைந்து வருசத்துக்குப் பிறகு நெடுந்தீவுக்கு வந்திருக்கிறான். வந்த சாமானில் மூன்று பெரிய பெட்டிகள் தொலைநோக்கிக்கும் அதன் காலுக்கும் கமராவுக்கும். அம்மாவுக்குக் கொண்டுவந்த சொக்கிளேற், கமராப் பெட்டிக்குள், கமரா அதிராமல் இருப்பதற்காக ஒரு மூலையில் அடைசப்பட்டு வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, நசுங்கின மூலையைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு தூரத்திலயிருந்து வந்திருக்கு" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தாள்.

அவன் தேடி வந்தது தெற்கே, கடலுக்கு மேல் தாழ்வாக எழும்பும் கரீனா என்ற நெபுலாவை. விண்மீன்கள் பிறக்கிற பெரிய வாயு முகில் அது. நோர்வேயிலிருந்து ஒருநாளும் தெரியாது. நெடுந்தீவில் சித்திரை மாதத்து முன்னிரவில், பனைகள் இல்லாத பக்கமாகப் பார்த்தால் தெரியும். அதற்காகத்தான் சித்திரை அமாவாசையைப் பார்த்து விமானச் சீட்டு எடுத்திருந்தான். புதுவருசத்துக்கு என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

தனுசியா தீவுப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். பள்ளிக்கூடம் விடுமுறை. முதல்நாள் பின்னேரம் ஆசையோடுதான் முற்றத்தில் போய் நின்றாள். கோபத்தை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மனிசி ஒரு தொலைநோக்கியைப் பார்க்கக்கூடாதா?

கமரா கறுப்பு வெள்ளைக் கமரா. நிறம் பிரிக்கிற வேலையை அதற்கு முன்னால் சக்கரம் போலச் சுழலும் சில்லு செய்தது. சில்லில் ஏழு வட்டக் கண்ணாடிகள், ஏழு பில்டர்கள். ஒன்று தெளிந்தது, எல்லா ஒளியையும் விடும். அடுத்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். மற்ற மூன்றும் மிகவும் கஞ்சத்தனமானவை. ஒன்று ஹைட்ரஜன் வாயு வெளிவிடும் அந்த ஒரே ஒரு சிவப்பை மட்டும் விடும். மற்றவை ஒட்சிசனுக்கும் கந்தகத்துக்கும். ஒவ்வொரு பில்டருக்கும் தனித்தனியாகப் படம் எடுத்து, பிறகு கொம்பியூட்டரில் ஒன்றாய்ச் சேர்த்து நிறம் வரவைக்க வேண்டும்.

"எதில எடுக்கப்போறாய்?" என்று தனுசியா கேட்டாள்.

"முதல் நாலிலயும். இயற்கையான நிறம் வேணும்."

"ஹைட்ரஜனை மட்டும் வைச்சு எடன். அது பெரும்பாலும் ஹைட்ரஜன் தானே. கடல் மட்டத்துக்கு இவ்வளவு கிட்ட நீலம் எங்கை ஒழுங்கா வரப்போகுது? ஈரமும் புழுதியும் துறைமுகத்து வெளிச்சமும் தான் படத்தில வரும்."

"நீ பாடப்புத்தகத்தை வைச்சுக் கதைக்கிறாய், தனு."

அவள் விலகி நின்றாள். நின்று பார்த்தாள். சஞ்சீவன் தொலைநோக்கியின் முகத்தில், வரிவரியாக வெட்டிய ஒரு கறுப்புத் தட்டைப் போட்டான். திரையில் ஒரு நட்சத்திரம் மூன்று கோடுகளாகத் தெரிந்தது. இரண்டு கோடுகள் பெருக்கல் அடையாளம் போலக் குறுக்கே வெட்டின. மூன்றாவது கோடு அவற்றின் நடுவால் போகவேண்டும். சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் போகஸ் பிழை. அவன் குமிழை மயிரளவு திருப்பினான். பார்த்தான். மறுபடி திருப்பினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். நுளம்பு கடித்தது, அடிக்கவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஆறி, ஆடை படர்ந்து, அதில் ஒரு பூச்சி விழுந்தது.

தனுசியா கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியை மதிலோரம் ஊற்றினாள்.

அப்பா, அரியநாயகம், சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் கிடந்தது எட்டு மாதம். போனைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். "தம்பி எடுத்தவனோ?" என்று காலையிலும் கேட்பார், பின்னேரமும் கேட்பார். சஞ்சீவன் எடுப்பான். "சுகமோ அப்பா? குளிசை போடுறியளோ? சரி, வேலைக்கு நேரமாச்சு." அவ்வளவுதான். செத்த வீட்டுக்கும் வரவில்லை. வீடியோவில் பார்த்தான். அவள்தான் போனைச் சவப்பெட்டிக்கு மேலால் பிடித்துக்கொண்டு நின்றாள். "தனு, முகம் தெளிவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடி" என்று சொன்னான். அவள் பிடித்தாள். ஊர்ச்சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, தகப்பனுடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

ஆக, இவனுக்குப் பொறுமை இல்லாமல் இல்லை. பொறுமை நிறைய இருக்கிறது. அது ஒரு நட்சத்திரத்தின் மூன்று கோட்டுக்குத்தான் வருகிறது.

"இப்ப பில்டரை மாத்தினால் போகஸ் மாறாதே?" என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள். "தெளிஞ்ச கண்ணாடியில பார்த்துப்போட்டு நீலத்தில எடுத்தால் சரியா வருமே?"

"எல்லாம் ஒரே தடிப்புக் கண்ணாடி. கொம்பனிக்காரன் சொல்லியிருக்கிறான். ஒவ்வொண்டுக்கும் நிண்டு பார்க்க வானம் காத்துக்கொண்டு நிக்காது."

மறுநாள் காலை கொம்பியூட்டரில் படத்தைத் திறந்தபோது, நீலத்தில் எடுத்த நட்சத்திரங்கள் சட்டைப் பொத்தான் அளவில் ஊதிப்போய்க் கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சாம்பல் வெளிச்சம். சஞ்சீவன் தன் போகஸைக் குறை சொல்லவில்லை. குசினிப் புகை என்றான். பக்கத்து வீட்டு யூலியானா அக்காவின் விறாந்தை லைற் என்றான். அவளிடம் போய்க் கேட்டு, அதையும் நூர்க்கவைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை கேட்கிறதே என்று அவளும் நூர்த்தாள். பிறகு வளவின் பின்மூலையில் இருந்த கக்கூசுக்குப் போகிற வழியில் எரிகிற மின்குமிழைக் கழற்றி யன்னலில் வைத்தான். அவ்வளவு வெளிச்சமும் போனபிறகும் படம் சரிவரவில்லை. சரிவராத ஒவ்வொரு நாளும் அவன் இன்னும் கொஞ்சம் இருட்டுக் கேட்டான்.

யன்னலால் இழுத்த கறுப்பு வயர் ஒன்று முற்றத்துக்குக் குறுக்கே தொலைநோக்கி வரைக்கும் கிடந்தது.

"தம்பி, இது காலில தட்டும்" என்று அம்மா சொன்னாள்.

"நாளைக்குச் சுத்திப் போடுறன் அம்மா."

அந்த நாளை வருவதற்கு முன்னமே, கக்கூசுக்குப் போகிற வழியில் அம்மா விழுந்தாள். ஏழரை மணி இருக்கும். தனுசியா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். வெளியே 'தொப்' என்று ஒரு சத்தம், பிறகு அம்மாவின் வாயிலிருந்து காற்றுப் போல ஒரு முனகல். தனுசியா கஞ்சிப் பானையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போது எடுத்த ரோச் லைற் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் கண்டாள். அம்மா வயரில் கால் சிக்கி, வலது கை உடம்புக்குக் கீழே மடங்கிக் குப்புறக் கிடந்தாள். அண்ணன் தொலைநோக்கியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயோ, கமரா" என்றான்.

ஒரு மூச்சு நேரம்தான். உடனே விட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைத் தூக்கினான், "அம்மா, அம்மா" என்றான். ஆனால் தனுசியா அந்த ஒரு மூச்சைப் பார்த்துவிட்டாள்.

யூலியானா அக்காவின் புருசன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, தடி வைத்துக் கட்டி, "எலும்பு விலகியிருக்கு. காலமைப் படகில யாழ்ப்பாணம் அனுப்புறன். சத்திரசிகிச்சை தேவைப்படும்" என்றார். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நோவுக்கு ஊசி போட்டிருந்தது. சஞ்சீவன் தண்ணீர்ப் போத்தல் வாங்க வெளியே போன நேரம் அம்மா அவளுடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவனைப் பேசாதை பிள்ளை. பாவம், கொஞ்ச நாளைக்கு வந்தவன். நான் தான் இருட்டில பார்க்காமல் போனனான்."

"நீங்கள் இருட்டில போகேல்லை அம்மா. அவன் இருட்டாக்கி விட்டதுக்குள்ள போனனீங்கள்."

"நீ எப்பவும் இப்பிடித்தான்."

தனுசியா பதில் சொல்ல வெளிக்கிட்டிருந்தால் அந்த வார்ட்டே திரும்பிப் பார்த்திருக்கும். எட்டு மாதம் அப்பாவைத் துடைத்துத் திருப்பிப் படுக்கவைத்த கை இது. 'நீ எப்பவும் இப்பிடித்தான்.' கொஞ்ச நாளைக்கு வந்தவன் பாவம். எல்லா நாளும் இருந்தவள் இப்படித்தான்.

காலையில் இறங்குதுறையில் அம்மாவைப் படகில் ஏற்றிய பிறகு சஞ்சீவன் கரையிலேயே நின்றான். தனுசியா ஏறுவாள், தான் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான் போலும். அவள் அம்மாவின் உடுப்புப் பையை அவனுடைய கையில் கொடுத்தாள்.

"நீ போ."

"நானோ? எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது தனு. எந்த வார்ட், எங்கை நம்பர்த் துண்டு எடுக்கிறது, ஒண்டும் தெரியாது."

"அம்மாவைத் தெரியும் தானே."

"பொம்பிளையளின்ர வார்ட்டில என்னை இரவில விடமாட்டினம்."

"சின்னம்மா கொக்குவிலிலயிருந்து வந்து இரவுக்கு நிப்பா, நான் கதைச்சிட்டன். பகல் முழுக்க நீ நில். சாப்பாடு தீத்து. சீப்பால தலை இழு. மூத்திரத்துக்குக் கோப்பை கேட்டால் நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடு, மிஸ் வராட்டி நீயே வை."

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தனுசியாவுக்கு அதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. சஞ்சீவன் ஏறினான்.

இரண்டாம் நாள் பின்னேரம் போன் எடுத்தான். அம்மாவுக்கு மறுநாள் சத்திரசிகிச்சை என்றான். காய்ச்சல் இல்லை என்றான். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "தனு, குறை நினைக்காதை. கமரா வெளியில நிக்குது. உப்புக் காத்துப் பில்டரைத் திண்டுபோடும். கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்சு விடுறியே?" என்றான்.

"வைக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கழற்றத்தான் போனாள். ஆனால் அதற்கு முதல், யன்னலில் கிடந்த மின்குமிழை எடுத்துக் கக்கூஸ் வழியில் இருந்த இடத்தில் பூட்டினாள். சுவிச்சைப் போட்டாள். வழி முழுக்க வெளிச்சம் விழுந்தது. வயரை மதிலோரமாகச் சுற்றி இழுத்துக் கல்லு வைத்தாள். அந்த வேலை முழுவதற்கும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

தொலைநோக்கியை மூடியிருந்த படங்குச் சீலையை உருவினாள். பொழுது பட்டு, தெற்கே கடலுக்கு மேல் முதல் நட்சத்திரங்கள் வந்திருந்தன. அவன் இல்லாமல் இது என்னதான் செய்யும் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆசை இல்லை, வெப்பிசாரம், நெஞ்சு எரிகிற ஆத்திரம். கொம்பியூட்டரைப் போட்டாள். பெயரைத் தேர்ந்து அழுத்தினால் தொலைநோக்கி தானாகத் திரும்பும் என்பதை அவன் செய்யப் பார்த்திருந்தாள். சில்லைச் சுழற்றினாள். தெளிந்ததைத் தாண்டி, மூன்று நிறங்களையும் தாண்டி, ஹைட்ரஜனில் நிறுத்தினாள்.

தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தில் பிரகாசமான ஒன்றைப் பிடித்து, வரித்தட்டை மாட்டினாள். திரை கறுப்பாகவே இருந்தது. பழுதாக்கிவிட்டேனா என்று வயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விளங்கியது. இந்தக் கண்ணாடி நூறு பங்கு வெளிச்சத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடாது. ஆகவே காத்திருக்கவேண்டும். நேரத்தைக் கூட்டினாள். மெல்ல மெல்ல மூன்று மங்கல் கோடுகள் வந்தன. நடுக்கோடு ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. கொம்பனிக்காரனின் 'ஒரே தடிப்பு'. அவள் வாய்விட்டு ஒரு தூசண வார்த்தை சொன்னாள்.

குமிழைத் திருப்பினாள். காத்திருந்தாள். கோடு நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தாள். காத்திருந்தாள். கோபத்தோடு திருப்பினால் அளவுக்கு மேல் திரும்பியது. விரலில் கோபம் இல்லாத நேரம் பார்த்துத் தொடவேண்டியிருந்தது. கோடு நடுவுக்கு வந்து நின்றபோது அவளுடைய முதுகு வேர்த்து நனைந்திருந்தது.

கரீனாவுக்குத் திருப்பி, முதல் படத்தை எடுத்தாள். திரையில் முகில் எழும்பியது. கறுப்பு வெள்ளையில், சுருண்டும் கிழிந்தும், நடுவில் கரிய வாய்க்கால்கள் ஓட, ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசி குத்தியது போல. தனுசியா இருந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கக்கூஸ் லைற் எரிந்துகொண்டிருந்தது. குசினி லைற்றும் எரிந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் யூலியானா அக்காவின் விறாந்தையும் பளிச்சென்று கிடந்தது. படத்தில் அவற்றின் சாயலே இல்லை. அந்தக் கண்ணாடி அவற்றை உள்ளே விடவில்லை.

ஒருவரும் ஒன்றையும் நூர்த்திருக்கத் தேவையில்லை. இந்த ஒரு பில்டரைப் போட்டிருந்தால், முதல்நாள் அவள் சொன்னதை ஒருதரம் கேட்டிருந்தால், அம்மா வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்பி வந்திருப்பாள். அவள் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். தொலைநோக்கியைத் தூக்கி மதிலுக்கு அப்பால் எறிகிறதுக்கு அவளிடம் பலம் இருந்தது. எறியவில்லை. அடுத்த படம் வந்துகொண்டிருந்தது.

குசினி மேசையில் போன் அடித்ததை அவள் கேட்டாள். இந்தப் படம் முடியட்டும் என்று நினைத்தாள். பிறகும் அடித்தது. கோடு கொஞ்சம் விலகியிருந்தது, போகஸை மறுபடி பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை அடித்தபோது அது அவளுடைய காதிலேயே விழவில்லை.

கரீனா மேற்கே சரியத் தொடங்கியபிறகுதான் போனை எடுத்துப் பார்த்தாள். சஞ்சீவனின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. உடனே அவனுக்கு எடுத்தாள்.

"எங்கையடி போனனீ?" சஞ்சீவன் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒப்பரேசனுக்கு முதல் அம்மா உன்னோட கதைக்கவேணும் எண்டு அழுதுகொண்டு கிடந்தவ. நான் எவ்வளவு தரம் எடுத்தனான்? இப்ப நித்திரைக்குக் குளிசை குடுத்து, என்னை வெளியில விட்டிட்டினம். நான் ரோட்டில நிக்கிறன். என்ன செய்துகொண்டு இருந்தனீ?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை.

"போகஸ் பண்ணிக்கொண்டு நிண்டனான்."

மறுமுனையில் ஒரு பஸ் கோன் அடித்துக்கொண்டு போனது. "எந்தப் பில்டர்?" என்றான்.

"ஹைட்ரஜன்."

"நடுக்கோடு... சரியா வந்ததே?"

தனுசியா போனை வெட்டினாள். வெட்டிவிட்டு குசினித் தரையில் இருந்து அழுதாள். அவன்மேல் ஆத்திரத்தில் அழுதாள். அவன் எப்படி அப்பாவின் போனை வைத்துவிட்டுப் போயிருப்பான் என்பது தனக்கு இப்போது தெரிந்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் இன்னும் கூட அழுதாள். தெரிந்துகொள்ள அவள் விரும்பியிருக்கவில்லை. முதல் படகுக்கு எழும்பி யாழ்ப்பாணம் போய், அம்மாவைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது கூடவே நடந்தாள். அம்மா அவளைக் கண்டதும், "சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டாள்.

கையில் தகடு வைத்துப் பூட்டினார்கள். சஞ்சீவன் பயணத்தை ஒரு கிழமை தள்ளிப்போட்டு, பகலில் ஆஸ்பத்திரியில் நின்றான். அம்மாவோடு சேர்ந்து மூவரும் தீவுக்குத் திரும்பி வந்த பின்னேரம், அவன் முற்றத்துக்குப் போய் அவள் எடுத்த படங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். குமிழ் எரிகிற வழியையும் பார்த்தான்.

"லைற் எரியேக்கையே எடுத்தனீ?"

"ஓம்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை நீயே வைச்சிரு தனு. எல்லாத்தையும். உனக்குத்தான் பிரயோசனம்."

அவள் எதிர்பார்த்திருந்தது அதைத்தான். அதற்கான பதில் அவளுக்குள் நாட்கணக்காகக் கொதித்துக்கொண்டு கிடந்தது.

"எனக்கு வேண்டாம். இதைத் தந்திட்டு அப்பாவின்ர கணக்கை முடிக்கப் பார்க்காதை. அப்பா நாளுக்கு ரண்டு தரம் உன்னைக் கேட்டவர். நீ வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்றான் சஞ்சீவன். சாட்டுப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. "வரேல்லை. அவரை அப்பிடிப் பார்க்க எனக்குப் பயமா இருந்தது."

"எனக்கும் தான் பயமா இருந்தது. நான் எங்கை போறது?"

அவள் அவனை ஆறுதல்படுத்தப் போகவில்லை. பில்டர்களைச் சில்லோடு கழற்றிப் பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் பைகளை மேலே போட்டு, அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கினான்.

இறங்குதுறையில் பெட்டிகளை ஏற்ற அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். படகு நிறையச் சனம். சஞ்சீவன் ஏறி நின்றுகொண்டு, "வாற வருசம் வருவன்" என்றான்.

"வா. ஆனால் இதுகளைக் கொண்டுவராமல் வா" என்றாள். "வந்து ஒரு கிழமை சும்மா வீட்டில இரு. பிறகு பார்ப்பம்."

அவன் தலையாட்டினான். நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படகு விலகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சைக்கிளை எடுத்தாள். ஆத்திரம் குறைந்திருக்கவில்லை. மிதிக்க மிதிக்க மூச்சோடு சேர்ந்து ஏறியது. வீட்டில் அம்மா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சீப்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, தலைமயிர் சிக்காகிக் கிடக்க அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தனுசியா சீப்பை வாங்கினாள். நுனியிலிருந்து, நோகாமல், மெல்ல இழுக்கத் தொடங்கினாள்.